தடிப்பா அப்பிச் செய்யுற அப்ஸ்ட்ராக்ட் படம் மனசுக்கு சுகம் தருமா? காரைதீவுத் தங்கச்சிக்கு ஒரு பதில்

காரைதீவில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. அம்மா காலமானதில இருந்து நித்திரை சரியில்லையாம், ஆக்கள் வந்து ஆறுதலா ரெண்டு வார்த்தை கதைச்சாலும் பதில் சொல்ல ஏலாம தொண்டை அடைக்குதாம், போனில தடிப்பா பேஸ்ட் அப்பி கத்தியால இழுத்துச் செய்யுற அப்ஸ்ட்ராக்ட் படங்கள்ட, அதாவது உருவம் எதையும் கீறாத படங்கள்ட வீடியோ பாக்கேக்க மட்டும் மனசு கொஞ்சம் அடங்குதாம். தனக்கு ஒரு பூனை கூட கீறத் தெரியாதாம். இதை தானும் செஞ்சா உண்மையாவே சுகம் வருமா, வெறும் பொழுதுபோக்குத்தானா, சாமானெல்லாம் கொழும்பில இருந்துதான் எடுக்கோணுமா எண்டு கேட்டிருக்கா.

தங்கச்சி, விசயத்த நேரா சொல்லிர்ரன், சுகம் வரும். நான் கன காலம் பள்ளிக்கூடத்தில சித்திரம் படிப்பிச்ச ஆள், இப்ப மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் பொம்பிளைகளோட சேந்து இந்த வேலைதான் செய்யுறன், அதில கண்டதையும் படிச்சதையும் வெச்சிச் சொல்றன். வீடியோவில பாக்கேக்க முடிஞ்ச படம்தான் கண்ணுக்குப் பெரிசாத் தெரியும். உங்களுக்குச் சுகம் வாறது அதுக்கு முன்னயே, அந்த பேஸ்ட் உங்கட கைய எதிர்த்து நிண்டு நீங்க அதை இழுத்து அமத்தி சுரண்டுறீங்களே, அந்த இடத்தில. இது மனசில இருந்தா மத்ததெல்லாம் தானா விளங்கும், எவ்வளவு செலவழிக்கோணும், எப்ப நிப்பாட்டோணும், முடிஞ்ச பலகைய என்ன செய்யுறது, எல்லாம்.

ஒரு விசயத்த முன்னுக்கே பிரிச்சிச் சொல்லோணும். வீட்டில இருந்து நீங்களா படம் செய்யுறது ஒண்டு, பயிற்சி எடுத்த ஒரு ஆள் பக்கத்தில இருந்து செய்விக்கிற ஆர்ட் தெரபி வேற ஒண்டு. ஆர்ட் தெரபி எண்டுற பேரே 1942ல ஏட்ரியன் ஹில் எண்ட இங்கிலாந்துக்காரர் வெச்சது. அவர் ஓவியர், சயரோகம் வந்து அதுக்கெண்டு இருக்கிற சனிட்டோரியம் எண்ட ஆஸ்பத்திரியில படுத்திருக்கேக்க கீறிக் கீறித்தான் அந்த நாளுகளத் தாண்டினவர், மறுகா பக்கத்துக் கட்டில் நோயாளிகளையும் கீற வெச்சார். அப்ப தொடக்கமே ஒரு ஆள் தனிய செய்யுறதும் இன்னொரு ஆள் துணைக்கு இருக்கிறதும் ரெண்டும் கலந்துதான் வந்திருக்கு. நான் இஞ்ச சொல்லப்போறது பெரும்பாலும் நீங்க தனிய வீட்டில செய்யுறதப் பத்தித்தான்.

கீறத் தெரியாது எண்டுறத ஒரு குறையா நினைக்காதீங்க. 2016ல அமெரிக்காவில டிரெக்சல் பல்கலைக்கழகத்தில கிரிஜா கைமலும் அவட கூட்டாளிமாரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 18 வயசில இருந்து 59 வயசு வரைக்கும் 39 பேர், 45 நிமிசம் களி, மார்க்கர், வெட்டி ஒட்டுற கொலாஜ் சாமான் எல்லாம் குடுத்து விரும்பினத செய்யுங்க எண்டு விட்டிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் எச்சில் எடுத்து கோர்ட்டிசோல் அளந்து பாத்தாங்க, மன அழுத்தம் கூடினா உடம்பில கூடுற ஹோர்மோன் அது. கிட்டத்தட்ட நாலில மூணு பேருக்கு குறைஞ்சிருந்திச்சி. முன்னம் படம் கீறிப் பழகின ஆக்களுக்கும் கையில தூரிகை பிடிக்காத ஆக்களுக்கும் இதில பெரிய வித்தியாசம் இல்ல. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பாக்க வேற ஒரு கூட்டம் வெக்கேல்ல, கோர்ட்டிசோல் பொழுது ஏற ஏற தானாவும் இறங்குற ஒண்டு, அதால இதை பெரிய அத்தாட்சி மாதிரி தூக்கிப் பிடிக்க மாட்டன். ஆனா திறமை வேணும் எண்டுற பயத்த விடுறதுக்கு இது காணும்.

இனி ஏன் குறிப்பா இந்தத் தடிப்பான வேலை, ஏன் சும்மா வோட்டர் கலர் எடுத்துப் பூசக் கூடாது எண்டு கேப்பீங்க. இதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் முக்கியமான இடம். 1978ல சான்ட்ரா காகின், விஜா லூஸ்பிரிங்க் எண்டு ரெண்டு ஆர்ட் தெரபி ஆசிரியர்மார், எந்தச் சாமான் ஆக்கள்ட மனசில என்ன செய்யுது எண்டு ஒரு வரிசை போட்டுக் காட்டினாங்க. அதில ஒரு பக்கம் தண்ணி மாதிரி ஓடுற சாமான், மற்றப் பக்கம் எதிர்த்து நிக்கிற சாமான். ஓடுற கலர் கட்டுப்பாட்டில நிக்காது, பரவும், கலங்கும், அதோட சேந்து மனசும் அவிழும். ஏற்கனவே அடைச்சிக் கிடக்கிற ஆளுக்கு அது சில நேரம் நல்லது, ஆனா தனிய இருக்கிற ஆளுக்கு ஒரேயடியா வெள்ளம் மாதிரி வந்து அடிச்சிரும். எதிர்த்து நிக்கிற சாமான், அதாவது களி, மரம், தடிச்ச பேஸ்ட், இதெல்லாம் கைக்கும் தோளுக்கும் வேலை குடுக்கும், நீங்க எவ்வளவு அமத்துறீங்களோ அவ்வளவுதான் அதில பதியும், அதுக்கு மேல போகாது. உங்களுக்கு தொண்டை அடைக்குது எண்டு சொன்னீங்களே, அப்படியான ஆக்களுக்கு நான் முதல் நாளே தண்ணிக் கலர் குடுக்கிறதில்ல, பேஸ்ட்டும் கத்தியும் சாக்குத் துண்டும்தான் குடுப்பன்.

இந்த மாதிரி வேலைய உலகத்தில பெரிசாக் கொண்டு வந்த ரெண்டு பேர்ட கதையும் சுகயீனத்திலயும் சிறையிலயும் தொடங்கினதுதான். அன்ட்டோனி தாப்பியெஸ், பார்சிலோனாக்காரர், 1923ல பிறந்தவர். இளம் வயசில சுவாசப்பை நோய் வந்து மாசக் கணக்கா படுக்கையில கிடக்கேக்கதான் படம் கீறத் தொடங்கினார். பிறகு 1950கள்ல மாபிள் தூள், மண் எல்லாம் கலந்து சுவர் மாதிரியே படம் செஞ்சார், கீறல் விழுந்த, காயம் பட்ட சுவர். அவர் சின்னப் பிள்ளையா இருக்கேக்க உள்நாட்டு யுத்தம் நடந்த ஊர் அது. மற்றவர் இத்தாலியில அல்பேர்ட்டோ புர்ரி, 1915ல பிறந்தவர். இவர் டொக்டர், இராணுவத்தில வைத்தியரா இருந்தவர், 1943ல துனிசியாவில பிடிபட்டு அமெரிக்காவில டெக்சாஸ்ல ஹியர்ஃபோர்ட் எண்ட இடத்தில கைதிகள் முகாமில கிடந்தார். அங்கதான் படம் செய்யத் தொடங்கினார், ஊருக்குத் திரும்பி வந்து வைத்தியத் தொழிலையே விட்டிட்டார். அவர்ட பேர் வெளியில தெரிஞ்சது சாக்குப் படங்களாலதான். சணல் சாக்க கிழிச்சி, தைச்சி, ஒட்டுப் போட்டு, ஓட்டைக்குள்ளால சிவப்பு தெரியச் செய்வார். டொக்டர் தைச்ச தையல் எண்டு பாத்தாலே விளங்கும்.

புர்ரிட இன்னொரு வேலை இருக்கு, அதை நினைக்கேக்கெல்லாம் எனக்கு நம்மட கரைதான் ஞாபகம் வரும். சிசிலித் தீவில ஜிபெல்லினா எண்ட ஊர் 1968 ஜனவரியில பூமி அதிர்ச்சியில அப்படியே விழுந்து போச்சி. மிஞ்சின சனத்துக்கு தூரத்தில புது ஊர் கட்டிக் குடுத்தாங்க. பழைய ஊர்ட இடிபாடு கிடந்த இடத்தில புர்ரி வெள்ளைச் சீமெந்த ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஊத்தி மூடினார், பழைய தெருக்கள்ட போக்கிலயே வெடிப்பு மாதிரி பாதைகள் விட்டு. 1984ல தொடங்கி 1989ல நிண்டு போய் 2015லதான் முடிச்சாங்க, கிட்டத்தட்ட 80,000 சதுர மீற்றர். சனம் அந்தப் பாதைக்குள்ள நடந்து போகலாம், தன்ட வீடு இருந்த இடம் இதுக்குள்ளதான் எண்டு தெரியும், ஆனா வீடு தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோர நாவலடிச் சனம் வீடிழந்து திராய்மடுவுக்குப் போனதையும், இலங்கையிலேயே கூட உயிர் போன மாவட்டம் அம்பாறைதான் எண்டுறதையும் தெரிஞ்ச ஆளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்ல. எல்லாத்தையும் திருப்பிக் காட்டாம, மூடி வெச்சபடியே தொட விடுற ஒரு வேலை அது. தடிப்பான அப்ஸ்ட்ராக்ட் படமும் இதைத்தான் சின்ன அளவில செய்யுது.

நம்மட பக்கத்தில கலையால மனசத் தேத்துறது புதுசும் இல்ல. மட்டக்களப்பில 1996ல வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கினாங்க, கனடா ஓவியர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேந்து. யுத்தத்தில பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒண்டா வந்து களி பிசைஞ்சி, கதை கட்டி, கலர் அடிச்சி விளையாடின இடம் அது, என்ன நடந்தது எண்டு சொல்லு எண்டு பிள்ளைகள நெருக்கேல்ல, அதுதான் அதிட பெரிய குணம் எண்டு நான் நினைக்கிறன். இன்னொண்டு, முந்தி செத்த வீட்டில ஒப்பாரி இருந்திச்சி, அழுறதுக்கு ஒரு இராகமும் முறையும் இருந்திச்சி, இப்ப அது குறைஞ்சி போச்சி, பொம்பிளைகள் வாய மூடிக்கொண்டு சமைச்சிப் போட்டு ஆக்கள அனுப்புறாங்க. காணாமல் போன பிள்ளைட தாய்மாருக்கு அதுவும் இல்ல, ஒப்பாரி வெச்சா பிள்ள செத்துப் போச்சி எண்டு ஒத்துக்கொண்டதாப் போகும். அப்படி ஒரு அம்மா என்னோட வேலை செய்யுறா, அவ மகன்ட முகத்த கீறச் சொன்னா எழும்பிப் போயிருவா, ஆனா பலகையில கையால அப்பி அப்பி ஒரு மத்தியானம் முழுக்க இருப்பா. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்தில இருந்து வாற முஸ்லிம் சகோதரிமாருக்கும் இது வசதி, உருவம் வரையிறது பத்தின தயக்கம் உள்ள ஆக்கள் மனசு உறுத்தாம செய்ய ஏலும்.

இனி சாமான் விசயம். கொழும்புக்குப் போகத் தேவையே இல்ல. கடையில மொடலிங் பேஸ்ட், ஜெஸ்ஸோ எண்டு டப்பாவில விக்கிறது நல்ல சாமான்தான், ஆனா விலையப் பாத்தா கை நடுங்கும், கை நடுங்கினா இந்த வேலை நடக்காது. வீணாப் போனாலும் பரவால்ல எண்டு அள்ளி அப்பக் கூடின சாமான்தான் உங்களுக்கு வேணும். கல்முனையில எந்த ஹாட்வெயார் கடையிலயும் எல்லாம் இருக்கும்.

கன்வஸ் வேண்டாம், அது தொய்யும், தடிப்பா அப்பினா பிறகு வெடிச்சி உதிரும். ஒட்டுப்பலகை எடுங்க, ஆறு மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு அடிக்கு ஒரு அடி, தொடக்கத்துக்கு அதுக்கு மேல பெரிசு வேண்டாம். தச்சு வேலைக்குப் பாவிக்கிற வெள்ளைக் கம்மில கொஞ்சம் தண்ணி விட்டு பலகைட ரெண்டு பக்கமும் விளிம்பும் பூசிக் காயவிடுங்க. பின்பக்கம் பூசாம விட்டா நம்மட கடல் காத்துக்கு பலகை ஒரு பக்கம் வளைஞ்சிரும், இதை எல்லாரும் மறந்து போற ஒண்டு.

பேஸ்ட் ரெண்டு விதமா செய்யலாம். ஒண்டு, சுவருக்கு அப்பிற ரெடிமேட் வோல் பட்டி வாங்கி அதில வெள்ளைக் கம் நல்லா ஊத்திக் குழைக்கிறது, வெறும் பட்டி காஞ்சா உதிரும், கம்தான் அதுக்குப் பிடி. மற்றது, ஒரு பங்கு வெள்ளைக் கம், ஒரு பங்கு வெள்ளை எமல்சன் பெயிண்ட், ரெண்டு மூணு பங்கு சோக் பவுடர் அல்லது குழந்தைப் பவுடர், கரண்டியில எடுத்தா வழியாம நிக்கிற பதம் வரும் வரைக்கும் கலக்கிறது. பதம் கையிலதான் தெரியும், ரொட்டி மாவுக்கு யாரும் அளந்தா தண்ணி விடுறாங்க. வெத்திலைச் சுண்ணாம்பு, கட்டிடச் சுண்ணாம்பு ரெண்டையும் கிட்டயும் எடுக்க வேண்டாம், கையப் பொத்தி எடுத்திரும், சீமெந்தும் வெறுங்கைக்கு அப்படித்தான். தூள் எதைக் கொட்டினாலும் மூக்கையும் வாயையும் மாஸ்க் போட்டு மூடுங்க.

கலருக்கு, வீட்டுச் சீமெந்து நிலத்துக்குக் கலராப் போடுற ஒக்சைட் தூள் இருக்கே, சிவப்பு, மஞ்சள், கறுப்பு எண்டு, அது இரும்பு ஒக்சைட், வெயிலுக்கு மங்காது, கம்மில கரைச்சாப் போதும். நீலமும் பச்சையும் வேணும் எண்டா சின்ன அக்ரிலிக் டியூப் ரெண்டு வாங்குங்க. எந்தக் கலரோட எது பொருந்தும் எண்டு தலையப் போட்டு உடைக்க வேண்டாம், ரெண்டு கலர், கூடினா மூணு.

கடற்கரை மண் பாவிக்க ஆசைப்படுவீங்க, எல்லாரும் ஆசைப்படுறதுதான். அப்படியே அள்ளிப் போடாதீங்க, உப்பு காத்தில இருக்கிற ஈரத்த இழுத்து மாரியில படம் வேர்க்கும், வெள்ளையா பூக்கும். கிணத்துத் தண்ணியில நாலைஞ்சி தரம் அலசி, தகரத்தில வெயிலுக்குப் பரப்பி, மா அரிக்கிற அரிதட்டில அரிச்சி எடுத்தா அருமையான சாமான். உமி, தும்பு, மட்டி ஓட்டுத் துண்டு, சணல் சாக்கு, கிழிஞ்ச வலை எல்லாம் பாவிக்கலாம். உரம் வாற சாக்கு பிளாஸ்டிக், அதில கம் பிடிக்காது. சோத்துப் பசை, மாப் பசை பாவிச்சா பூஞ்சணம் பிடிக்கும்.

இப்ப செய்யுற முறை. உங்கட ஊர் கண்ணகை அம்மன் கோயிலில வைகாசிக் குளுத்திக்கு முன்ன கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, நாள்க்கணக்கா கண்ணகிட கதை சொல்லுற வழக்குரை படிச்சி, கடைசியிலதானே குளுத்தி பாடி அம்மாளக் குளிர வெக்கிறாங்க, எடுத்த உடன குளிர வெக்க ஏலாதே. இந்தப் பலகையும் அப்படி நாள் பிடிச்சிச் செய்யுற வேலை எண்டு நினைச்சிக்கொண்டு இருங்க.

முதல்ல பென்சிலால பலகையில எழுதுங்க. அம்மாவுக்குச் சொல்ல நினைச்சத, சொல்லாம விட்டத, கோவமா இருந்தாலும் சரி, வரி கோணலா இருந்தாலும் சரி. ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்ல, நீங்களும் திருப்பி வாசிக்கத் தேவையில்ல. அதுக்கு மேல பேஸ்ட்ட ரெண்டு மூணு மில்லிமீற்றர் தடிப்புக்கு அப்புங்க. கத்தி இல்லாட்டி பட்டி இழுக்கிற தகடு, பழைய கரண்டி, கை எது எண்டாலும் சரி, நான் முதல் தரம் கையாலதான் அப்பச் சொல்லுவன். எழுத்து மூடுண்டு போறதப் பாருங்க. இந்த இடத்தில கன பேருக்கு மூச்சு நீளமா வரும், அது நான் கண்டது.

ஈரமா இருக்கேக்க பதிக்கோணும். சாக்கு, சீப்பு, சிரட்டை விளிம்பு, என்ன கிடைக்குதோ. அம்மாட சாரி வெச்சிருப்பீங்க, மருதமுனைக் கைத்தறி எண்டா நெசவு தடிப்பு, பேஸ்ட்டில அமத்தி எடுத்தா நூல் நூலாப் பதியும். சாரிய வெட்ட வேண்டாம், ஒரு மூலைய மட்டும் அமத்தி எடுத்திட்டு உடன தண்ணியில அலசினாப் போதும், கம் காயமுதல் போயிரும். பிறகு வெட்டி ஒட்டுறதா இல்லையா எண்டு மாசக் கணக்காப் பொறுத்து முடிவெடுங்க, அவசரத்தில வெட்டின சாரி திரும்ப வராது.

கோடையில ஒரு கோட்டு ஒரு நாள்ல காயும், மாரியில ரெண்டு மூணு நாள் பிடிக்கும். மேல காஞ்ச மாதிரி இருக்கும், நகத்தால அமத்திப் பாருங்க, உள்ளுக்கு மெத்தெண்டு இருந்தா விடுங்க. வெயிலில வெச்சி அவசரப்படுத்தினா மேல் தோல் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு வேணும் எண்டு செய்யுறது வேற, புர்ரியே 1970கள்ல வெள்ளைக் களியும் பசையும் கலந்து வெடிக்க விட்டுத்தான் ஒரு தொகை படம் செஞ்சார். காயவிடுற நாளுகள்ல ஒண்டும் செய்யாம இருக்கிறதும் இந்த வேலைட பங்குதான், நித்திரை வராத ராத்திரியில நாளைக்கு அந்தப் பலகையில என்ன செய்யலாம் எண்டு மனசு போறதுக்கு ஒரு இடம் கிடைக்கும்.

காஞ்ச பிறகு கலர். இதை ஒரு ஆள் செஞ்சதச் சொல்லியே விளங்கப்படுத்துறன், அவட சம்மதத்தோடதான் எழுதுறன். திராய்மடுவில இருந்து வாற ஒரு அக்கா, முந்தி நாவலடி. சுனாமியப் பத்தி ஒரு வார்த்தையும் கதைக்க மாட்டா. ஒரு நாள் வீட்டில இருந்து பழைய நைலோன் வலைத்துண்டு ஒண்டு கொண்டு வந்தா. பேஸ்ட்ட தடிப்பா அப்பி, வலைய அதுக்கு மேல விரிச்சி, ரெண்டு உள்ளங்கையாலயும் எழும்பி நிண்டு அமத்தினா. கொஞ்ச நேரம் இறுக விட்டு, ஒரு மூலையில பிடிச்சி மெதுவா உரிச்சி எடுத்தா. வலை போயிட்டு, கண்ணி கண்ணியா பள்ளம் மட்டும் இருந்திச்சி, முடிச்சி இருந்த இடத்தில சின்னச் சின்னக் குழி. ஒரு பக்கம் உரிக்கேக்க பேஸ்ட் கிளம்பி கிழிஞ்சி போச்சி, நான் திருத்தலாமா எண்டு கேக்க, இருக்கட்டும் எண்டா. அடுத்த கிழமை கறுப்பும் நீலமும் தண்ணியாக் கரைச்சி முழுப் பலகைக்கும் ஊத்திப் பூசினா, ஒரே இருட்டு. காயமுதல் ஈரத்துணியால மேலால துடைச்சா. மேட்டில இருந்த கலர் போய் வெள்ளை வந்திச்சி, பள்ளத்தில இருந்த நீலம் அப்படியே நிண்டிச்சி. ஒவ்வொரு கண்ணியா துணிட மூலையால துடைச்சிக்கொண்டே போனா, கிழிஞ்ச இடத்த மட்டும் துடைக்காம கறுப்பா விட்டா. அதை முடிச்சிட்டுத்தான் வலை யார்ட எண்டு சொன்னா. நாங்க ஒருத்தரும் கேக்கேல்ல.

இந்த ஊத்தித் துடைக்கிற வேலைதான் நீங்களும் செய்யப்போறது. ஒரு தரத்தோட நிக்கத் தேவையில்ல, மறுகா பேஸ்ட் அப்பலாம், காஞ்சத சாண்ட் பேப்பரால தேய்ச்சி கீழ இருக்கிற கலர வெளிய எடுக்கலாம், தேய்க்கேக்க தண்ணி தொட்டுத் தேயுங்க, தூசி எழும்பாது. எப்ப முடியும் எண்டு கேக்காதீங்க, கை இனிப் போதும் எண்டு தானா விடும்.

பிழைச்சுப் போற இடத்தையும் சொல்லோணும், இதை லேசா எடுக்காதீங்க. ஒரு இருப்புக்கு 45 நிமிசத்தில இருந்து ஒரு மணித்தியாலம் காணும், ராத்திரி தனிய இருந்து தொடங்க வேண்டாம், ஆக்கள் நடமாடுற பகல் நேரம் நல்லது. அழுகை வந்தா அழுங்க, அது ஒண்டும் இல்ல. ஆனா நெஞ்சு படபடத்து, ஆஸ்பத்திரிக் காட்சியெல்லாம் கண் முன்னால ஓடத் தொடங்கி, நீங்க எங்க இருக்கிறீங்க எண்டே தெரியாம வருது எண்டா உடன கைய விடுங்க, கழுவுங்க, வாசலுக்கு வந்து காலால நிலத்த மிதிச்சி நில்லுங்க. அடுத்த தரம் கலரே எடுக்காம சாக்க ஒரே மாதிரி வரிசையா பதிக்கிற வேலைய மட்டும் செய்யுங்க, ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரேக்க உடம்பு அடங்கும். திவசம் கிட்ட வாற கிழமைகள்ல புதுப் பலகை தொடங்காம இருக்கிறதும் நல்லம்.

நித்திரை இல்லாதது மாசக் கணக்காப் போகுது, சாப்பாடு இறங்கேல்ல, உயிரோட இருக்கத்தான் வேணுமா எண்டு நினைப்பு வருது எண்டா, பலகைய ஒரு பக்கம் வெச்சிட்டு டொக்டரக் காணுங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில உளநலப் பிரிவு இருக்கு, 1926 எண்டுற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம், தேசிய உளநல உதவி இலக்கம் அது. மருந்து எடுக்கிறதும் படம் செய்யுறதும் ஒண்டுக்கொண்டு விரோதம் இல்ல, என்னோட இருக்கிற ரெண்டு மூணு பேர் ரெண்டையும் செய்யுறாங்க. அப்படி ஒரு நினைப்பு வந்திச்சி எண்டா எனக்கும் எழுதுங்க தங்கச்சி, தனிய வெச்சிக்கொண்டு இருக்க வேண்டாம்.

தனிய செய்யப் பஞ்சியா இருந்தா ரெண்டு மூணு பேர் சேருங்க. கல்லடியில சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு, உங்கட ஊரில பிறந்த சுவாமிகள்ட பேரிலதான் அது. அங்க படிச்சு முடிச்ச பிள்ளைகள் உங்கட பக்கத்திலயும் இருப்பாங்க, ஒருத்தர விசாரிச்சிப் பிடிச்சா பேஸ்ட் பதம், கத்தி பிடிக்கிற விதமெல்லாம் ஒரு பின்னேரத்தில காட்டித் தருவாங்க. ஆனா இது என்ன படம், என்ன அர்த்தம் எண்டு கேக்கிற ஆள கிட்ட வெச்சிக்கொள்ளாதீங்க, எவ்வளவு நல்ல ஆளா இருந்தாலும்.

முடிஞ்ச பலகைய சுவரில மாட்டலாம், சுவர்ப் பக்கம் திருப்பி வெக்கலாம், சுரண்டிட்டு அதுக்கு மேலயே அடுத்தது தொடங்கலாம், மூணும் சரி. பேஸ்புக்கில போடுறத கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்க. ஒருத்தர் சூப்பர் எண்டாலும் இது என்ன குப்பை எண்டாலும் அடுத்த தரம் பலகைக்கு முன்னால இருக்கேக்க அந்த ஆளும் பக்கத்தில வந்து இருப்பார். விக்கிற யோசனையும் வரும், வீடியோவில எல்லாரும் விக்கிறாங்க தானே. பிறகு விக்கலாம், நல்ல வருமானம் வந்தா எனக்கும் சந்தோசம்தான், ஆனா விக்கிறதுக்குச் செய்யுற பலகைய வேறயா வெச்சிக்கொள்ளுங்க, வாங்கப்போற ஆள்ட ஹோலுக்கு என்ன கலர் பொருந்தும் எண்டு நினைக்கத் தொடங்கினா அது வேற தொழில். அம்மாவுக்கு எழுதி மூடின பலகைய விக்க வேண்டாம்.

ஒட்டுப்பலகைக்கு முழுத் தட்டு வாங்காதீங்க, கல்முனையில தளபாடம் செய்யுற பட்டறைகள்ல வெட்டி மிஞ்சின துண்டு கேட்டா குறைஞ்ச காசுக்குத் தருவாங்க. மாரி தொடங்கமுதல் நாலைஞ்சி துண்டுக்கு ரெண்டு பக்கமும் கம் பூசி அடுக்கி வெச்சிருங்க, காத்தில ஈரம் ஏறின பிறகு அந்த முதல் கோட்டே காயாம இழுபடும். பேஸ்ட் பதம் வரேல்ல எண்டா ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றன்.